காலால் பிறந்தவளின் புருஷன்

நான் பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிக் கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் இடுப்புப் பிடிப்புக்காரர்களைக் காலால் உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கல்யாணமாகிப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் நான் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரைக் கூட்டியது என் வீட்டுக்காரர்தான். பட்டறையில் எவரோ குனிய முடியாமல் நிற்க, "எங்க வீட்டுக்கு வந்து ஒரு உதை வாங்கிக்கிட்டுப் போங்க, சரியாயிடும்" என்று பெருமையடித்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் பட்டறையின் காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே வாசலில் ஆள் நின்றது.

உதை என்று பெயர்தானே தவிர, எறும்புக்குக்கூட வலிக்காது. வந்தவர் வீட்டு நடையில் குப்புறப் படுக்க வேண்டும். நான் காலைக் கழுவிக்கொண்டு வந்து வலது கால் கட்டைவிரலால் இடுப்பில் மூன்று தட்டுத் தட்டுவேன். அவர் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். குணமானவர்கள் வெற்றிலையும் வாழைப்பழமும் கொண்டு வந்து கொடுப்பார்கள். குணமாகாதவர்கள் வராமலே இருந்துவிடுவார்கள். ஆகவே, என் கணக்கில் வந்த அத்தனை பேருக்கும் குணமாகியிருந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருவேங்கடாச்சாரி வந்து போன பிறகு என் காலுக்கு ஏறிய மவுசைச் சொல்லி மாளாது. ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயரானவர். பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். படுப்பதற்கு முன் தோளில் இருந்த துண்டை இடுப்பின் மேல் பரப்பிக்கொண்டு, "துண்டு மேல பட்டாப் பாதகமில்லை, உதைம்மா" என்றார். உதைத்தேன். அடுத்த வாரமே கோயில் பிரசாதமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்து சேர்ந்தன.

"என் பெண்டாட்டிகிட்ட உதை வாங்க ஸ்ரீரங்கத்துல இருந்து வராங்க. நான் ஒருத்தன்தான் வாங்காம இருக்கேன்" என்று என் வீட்டுக்காரர் பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி பிடிக்கிறவர். காய்ச்சிய இரும்பை அடித்து வளைக்கிற மனுஷருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது எப்படித் தெரியுமா? குளிக்கிற இடத்தில் கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்து. ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், இடுப்பில் ஈரத் துண்டோடு தரையைப் பார்த்தபடி வளைந்து நிற்கிறார்.

"சோப்பு அந்தா, உங்க கால்கிட்டயே கெடக்குங்க" என்றேன்.

"நான் சோப்பைத் தேடலைடி. நிமிர முடியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். ஆனால் சிரித்த மாத்திரத்தில் இடுப்பில் குத்தி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெல்ல நடத்திக்கொண்டு வந்து பாயில் படுக்க வைத்தேன்.

நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். நொச்சி இலை, உப்பு, சுட்ட செங்கல் என்று தெருவில் ஆளுக்கொன்று சொல்ல, ஒன்றையும் விடவில்லை. வலி இடுப்பிலிருந்து இறங்கித் தொடைக்கு வந்தது. தொடையிலிருந்து கெண்டைக்காலுக்குப் போனது. உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்தவருக்கு நான் உருட்டி உருட்டிக் கொடுத்தேன். "பிள்ளைத்தாச்சிகூட இவ்வளவு செல்லம் கொண்டாட மாட்டா" என்று சொன்னால் முறைப்பார். முறைப்பதற்குக் கழுத்தைத் திருப்ப வேண்டுமே, அதுவும் பாதியில் நின்றுவிடும்.

ரயில்வே ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே போக வேண்டும் என்று சொன்னால் மட்டும் மனுஷருக்கு எங்கிருந்தோ பலம் வந்துவிடும். காரணம் எனக்குத் தெரியும். மேஸ்திரி வேலைக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. இடுப்பு என்று டாக்டரிடம் போய் நின்றால், கனமான வேலைக்கு 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுவார்கள் என்பது அவர் பயம். அவரோடு சம்மட்டி பிடித்த காத்தான் அப்படிப் போய்த்தான், இப்போது பட்டறை கேட்டில் காவலுக்கு உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் பட்டறைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தெருவுக்குத்தான் நாங்கள் நல்ல வேடிக்கையாகிப் போனோம். வைத்தியத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வலியில் கிடக்கிறாரே என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் கட்டின புருஷன் மேல் பெண்டாட்டி கால் படலாமா? செய்தி கேட்டு மருங்காபுரியிலிருந்து நிலக்கடலை மூட்டையோடு வந்து இறங்கிய என் நாத்தனார் மாரியாயி, வந்ததும் வராததுமாக அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஊரை உதைச்ச காலு, அதோட நிக்கட்டும். என் தம்பி மேல பட்டுச்சுன்னா அவனுக்கு ஆயுசு கொறைஞ்சிடும், ஆமாம்."

பக்கத்து வீட்டு ரோசரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பவுனு. நான் எங்க வீட்டு ஆளை இடுப்பு நல்லா இருக்கறப்பவே உதைச்சிருக்கேன். கல்லு மாதிரிதான் இருக்காரு" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு ரோசரியின் கட்சிதான் பிடித்திருந்தது. நாத்தனார் குளிக்கப் போன நேரம் பார்த்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "கதவைச் சாத்திட்டு ஒரு மூணு தட்டு தட்டிடு, பவுனு. யாருக்குத் தெரியப் போவுது? திங்கக்கிழமை நான் பட்டறைக்குப் போயாகணும்."

எத்தனையோ பேர் படுத்த நடையில் அவரும் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் காலைக்கூடக் கழுவிவிட்டேன். அதைத் தூக்கத்தான் மனசு வரவில்லை. பாவத்துக்குப் பயமா, அல்லது இவருக்குப் பலிக்காமல் போய்விட்டால் என் கால் வெறும் கால் ஆகிவிடுமே என்ற பயமா என்று கேட்டால், இரண்டும்தான். "விவரம் தெரிஞ்ச ஒருத்தரைக் கேட்டுட்டு வந்து செய்றேங்க" என்று சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனேன்.

எனக்குத் தெரிந்த விவரமானவர் திருவேங்கடாச்சாரி ஒருவர்தான். உத்தர வீதியில் விசாரித்துப் போய் நின்றேன். அவரே வாசலுக்கு வந்தார். வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அன்றைக்கு நடுவில் துண்டு இருந்தது, இன்றைக்கு வாசற்படி. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் காரியம் என்னுடையது.

"அடடே, பொன்மலை பவுனம்மாளா! க்ஷேமமா இருக்கியாம்மா? ஆத்துக்காரர் சௌக்கியமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். புருஷன் மேல் கால் படுவதற்கு சாஸ்திரத்தில் ஏதாவது வழி உண்டா, பட்டால் பரிகாரம் உண்டா என்று கேட்டேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கினார்.

"சாஸ்திரம் இருக்கட்டும். எனக்கு எப்படிச் சரியாச்சுன்னு நெனச்சிண்டிருக்கே?"

"என் கால் பட்டுத்தானே, சாமி?"

"உன் கால் பட்டதும் பகவத் சங்கல்பம்தான். நான் இல்லேங்கல. ஆனா அன்னிக்கு சாயங்காலமே டாக்டர்ட்டப் போய்ட்டேன்." அங்கவஸ்திரத்தை விலக்கிக் காட்டினார். வேஷ்டிக்கு மேலே கையகலத்துக்குத் தோல் பெல்ட் ஒன்று இடுப்பை இறுக்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு மாசம் பலகையில படுக்கப் போட்டா. இன்னும் இதைக் கழட்ட விடலை."

எனக்கு வந்த கோபத்துக்கு, மூன்று தட்டோடு நிறுத்தியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அப்படியானால் அந்த வாழைப்பழம்? அது மரியாதைக்காம். ஒரு மனுஷர் மரியாதையாக இருந்ததால் நான் எத்தனை பேருடைய இடுப்புக்கு ராணியாகத் திரிந்திருக்கிறேன்!

அதற்குள் அவர் வேறொன்று கேட்டார். "அவருக்குக் கால் மரத்துப் போறதா?"

"தெரியலீங்க. வலின்னுதான் சொல்றார்."

"டாக்டர் என்னை முதல்ல கேட்டதே அதான். வலி இருந்தாப் பரவாயில்லை, உணர்ச்சி போனா நரம்பு நசுங்கறதுன்னு அர்த்தமாம். நாள் போக்கினா அந்தக் கால் எழும்பாமலே போய்டும்னார். போம்மா, சீக்கிரம் போய்ப் பாரு. உதைக்கறதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஆவலாக, "என்ன சொன்னாரு? உதைக்கலாமாமா?" என்றார்.

"உதைக்கலாமாம். அதுக்கு முன்னால ஒண்ணு பார்க்கச் சொன்னார். கண்ணை மூடிக்குங்க. நான் எந்த விரலைப் பிடிக்கிறேன்னு சொல்லணும்."

"இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். நான் அவருடைய இடது கால் கட்டைவிரலைப் பிடித்தேன். சிரிப்பு மாறாமல் காத்திருந்தார். கிள்ளினேன். நகம் பதியும்படி அழுத்திக் கிள்ளினேன்.

"சீக்கிரம் பிடியேன், பவுனு. எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கிட்டே கெடக்கறது?"

என் கை அந்த விரலில்தான் இருந்தது. கண்ணைத் திறந்தவர், என் கை இருக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கால் தூங்குது, அவ்வளவுதான்" என்றார்.

"எத்தனை நாளாத் தூங்குது?"

இரண்டு நாளுக்கு முன்னால் கொல்லைப்பக்கம் போனவர் ஒரு செருப்போடு திரும்பி வந்ததும், மற்றது எங்கே என்றதற்கு விழித்ததும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷருக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மேஸ்திரி ஆகிறவரை மறைத்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார்.

அழுது புரண்டால் இவர் அசைய மாட்டார். ஆகவே பேரம் பேசினேன். "ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர் ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டார்னா, அங்கயே எல்லார் முன்னாலயும் உங்களை உதைக்கிறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

சரி என்றார். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சரி சொன்னதே கிடையாது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

ரிக்‌ஷாவில் உட்கார முடியாது. கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கலாம் என்றதற்கு, "உசிரோட இருக்கறப்ப வேணாம்" என்றுவிட்டார். கடைசியில் ரோசரியின் புருஷன் பிலோமின்ராஜ் பார்சல் ஏற்றுகிற கைவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெத்தையைப் போட்டு, அதன் மேல் என் வீட்டுக்காரரை ஏற்றினோம். குவார்ட்டர்ஸ் முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. "தர்மராஜை எந்த ஊருக்கு புக் பண்ணியிருக்கீங்க?" என்று யாரோ கேட்க, "ஆஸ்பத்திரிக்கு. உடையற சரக்கு, ஓரம் போங்க" என்றார் பிலோமின்ராஜ். வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் இவர் என் கையைப் பிடித்து நசுக்கினார். பின்னால் நாத்தனார் குலசாமி கருப்பையாவுக்கு வேண்டிக்கொண்டே நடந்து வந்தார்.

டாக்டர் அடைக்கலராஜ் நடுத்தர வயசுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். இவரை மல்லாக்கப் படுக்க வைத்து, இடது காலை மெதுவாகத் தூக்கினார். நான் மறைப்புத் துணியின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா?"

"இல்லீங்க சார்." நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"கால் மரத்துப் போகுதா?"

"இல்லவே இல்லீங்க சார். லேசான பிடிப்பு. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா டூட்டிக்குப் போயிடுவேன்."

பாவிப் பயலே என்று மனசுக்குள் சொன்னேன். கட்டின புருஷனைச் சொல்லக் கூடாதுதான், அன்றைக்குச் சொன்னேன். டாக்டர் உடனே எதுவும் எழுதவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

இவரும் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த கெஞ்சலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் மேஸ்திரி வேலை போச்சு. திறக்காவிட்டால் கால் போச்சு. சம்மட்டியைத் தூக்கி அடிக்கும்போது தனக்கு நிகர் யாருமில்லை என்று நினைக்கிற மனுஷர் இவர். அந்த நினைப்பை நான்தான் உடைக்க வேண்டியிருந்தது.

"பொய் சொல்றாருங்க, டாக்டர். கட்டைவிரல்ல நகம் பதியக் கிள்ளினேன், தெரியலை. செருப்பு கழண்டு போனதே தெரியலை. வலியில ஒரு வாரமா கண்ணை மூடலை."

டாக்டர் ஓர் ஊசியை எடுத்து அந்தப் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார்; அது பாதியில் நின்றது. அவர் முகம் மாறியது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா என்கிட்ட வந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார். அன்றைக்கே பெட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை. "காட்டிக் கொடுத்துட்டியே."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். மெத்தைக்கு அடியில் பலகை போட்டு, காலில் பட்டை கட்டி, கட்டிலுக்கு வெளியே எடைக்கற்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அசையாமல் படுத்துக் கிடப்பதுதான் வைத்தியம். பேசாமல் படுத்துக் கிடப்பது இவர் தானாகச் சேர்த்துக்கொண்டது. நான் தினமும் பார்வை நேரத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். சாப்பிடுவார். நான் பக்கத்தில் நிற்கும்போதே, "ரசத்துல உப்புப் பத்தலைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க, சிஸ்டர்" என்பார். நானும் விடவில்லை. எடைக்கல்லைப் பார்த்து, "நீங்களாவது நல்லா இழுங்க. இவர் எதுக்கும் இழுத்த இழுப்புக்கு வரமாட்டார்" என்பேன். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு நாங்கள் நல்ல பொழுதுபோக்கு.

சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வெளியே வந்தால், வீடு வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடப்பேன். கால் வருமா என்று கேட்டால் டாக்டர், "பார்க்கலாம்மா, நரம்பு மெதுவாத்தான் முழிக்கும்" என்பார். இவர் நடக்காமலே போய்விட்டால், என்னிடம் பேசாமலே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நிஜமாகவே பயந்தேன். வீட்டில் நாத்தனார் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ சொன்னது சரிதான், பவுனு" என்றார். அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

எடைக்கல்லை அவிழ்த்த பிறகு, இடுப்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டுச் சுவரைப் பிடித்து நிற்க வைத்துப் பழக்கினார்கள். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் டாக்டர் வந்து, சம்மட்டி இனி கூடவே கூடாது என்று சொன்னார். டூல் ரூமில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு எழுதிவிட்டாராம். இவர் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு நான் எதைச் சொல்லியும் சீண்டவில்லை. பார்வை நேரம் முடிந்து மணி அடித்ததும் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வார்டு வாசலைத் தாண்டும்போது பின்னால் சிஸ்டர் யாரையோ அதட்டுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கட்டிலாகப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இடது பாதம் தரையில் இழுபட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"எங்கேயும் இல்லை. தெனமும் நீ தனியாத்தானே போறே. வாசல் வரைக்கும் வந்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து வாசலில் நின்று வழியனுப்புகிற வேலை என்னுடையது. சங்கு ஊதும், இவர் சைக்கிளை எடுப்பார், தெரு திரும்பும் வரை நான் நின்றுகொண்டிருப்பேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த மனுஷர் ஆஸ்பத்திரிச் சட்டையும் மாவுக்கட்டுமாக வாசலில் நின்று, நான் போவதைப் பார்க்க வந்திருந்தார்.

"கால் எப்படி இருக்கு?"

"இழுக்குது." தலையை மட்டும் தாழ்த்தித் தன் வெறும் காலைப் பார்த்துக்கொண்டார். "ஆனா தரை தெரியுது, பவுனு. சில்லுன்னு இருக்கு."

அத்தனை பேர் பார்க்க நான் அழுதேன். அவர் நிலையை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார், எனக்குத் தைரியம் சொல்லவா தான் விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை. "போயிட்டு வா" என்றார். "நீங்க உள்ள போங்க" என்றேன். "நீ போ, நான் போறேன்" என்றார். சிஸ்டர் வந்து இரண்டாவது தடவை சத்தம் போடும் வரை இரண்டு பேரும் போகவில்லை.